நபிமார் வரலாறும் வெள்ளித்திரையும்



சங்கத்து அன்பர்களே! வேதங்களில் வரும் நபிமார்களின் சரித்திரத்தைப் பெரும் பொருட்செலவில் சினிமாப் படமாக எடுக்கிறார்களே, அதைப் பற்றியது இம்மாதப் பாடம். மார்க்க விஷயம் எழுதும் பக்கத்தில் சினிமாவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. நம் பிள்ளைகள் மக்தபில் மூஸா நபி (அலை) அவர்களின் வரலாற்றைக் கேட்பதற்கு முன்பே, கைப்பேசியில் அதைப் படமாகப் பார்த்துவிடுகிறார்கள். சாஆ போன்ற சிற்றூரில் கடை வைத்திருக்கும் நாம் ஸுபுஹுக்குப் பின் கடை திறந்தால், பூட்டி வீடு திரும்ப இரவு பத்தாகிவிடுகிறது. அதற்குள் வீட்டில் பிள்ளை என்ன பார்த்தான், எதை நம்பினான் என்பது நமக்குத் தெரிவதில்லை. "அத்தா, பிர்அவ்ன் கடலில் சாகவில்லையே, அரண்மனைக்குத் திரும்பிப் போய்விட்டானே?" என்று அவன் கேட்டால், அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரிந்து விடை சொல்ல வேண்டிய கடமை நமக்குண்டு.

நாம் ஆலிம் அல்லோம். படம் ஹலாலா ஹராமா என்று பத்வா கொடுப்பது நம் வேலையன்று. அது உலமாப் பெருமக்களின் பொறுப்பு. வேதத்தில் உள்ளது எது, படம் எடுத்தவர் சேர்த்தது எது என்று பிரித்தறியும் வழியை மட்டும் இங்கே பார்ப்போம். சரக்கைப் பிரித்தறிவது வியாபாரிக்குப் பழக்கமான வேலைதானே!

காவியம் நமக்குப் புதியதன்று

மார்க்க வரலாற்றைப் பெரிய கலைப்படைப்பாக ஆக்குவது மேல்நாட்டார் கண்டுபிடித்த காரியமென்று எண்ணிவிடக் கூடாது. தமிழ் முஸ்லிம்கள் அதை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்தவர்கள். பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் அவர்கள் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சீறாப்புராணம் என்னும் காப்பியமாகப் பாடினார். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் அதில் உண்டு. அதற்குப் பொருள் தந்து ஆதரித்தவர்கள் யார்? கீழக்கரை வள்ளல் சீதக்காதியும், அவருக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும். கப்பலோட்டி வாணிபம் செய்த மரைக்காயர் மரபினர் அவர்கள். ஆக, தமிழில் நபி சரித்திரம் காவியமாவதற்கு முதல் போட்டவர்கள் வியாபாரிகளே என்று நாம் தாராளமாகப் பெருமை கொள்ளலாம்.

அந்தக் காப்பியத்தில் ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ்க் காப்பிய மரபுப்படி நாட்டு வளம் பாட வேண்டுமல்லவா? புலவர் அரபு நாட்டைப் பாடும்போது மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது. மணலும் பேரீச்ச மரமுமான பூமியில் தமிழ்நாட்டு வயல் எங்கிருந்து வந்தது? கேட்பவர் உள்ளம் ஒன்ற வேண்டுமென்று புலவர் தம் சொந்தக் கையிருப்பிலிருந்து கொடுத்தது அது. அதனால் யாருக்கும் மார்க்கம் கெடவில்லை. காரணம், கேட்டவர்கள் ஏற்கெனவே குர்ஆன் ஓதியவர்கள். ஆலிம்களிடம் வரலாறு கேட்டவர்கள். எது வரலாறு, எது வருணனை என்பது அவர்களுக்குத் தெரியும். முதலில் ஓதல், பிறகு காவியம் என்ற வரிசை அன்று தவறாமல் இருந்தது. இன்று அந்த வரிசை தலைகீழாகிவிட்டதே நமக்குள்ள கவலை.

வரிசை மாறினால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம். மிஸ்ரு தேசத்து அஜீஸின் மனைவி பெயர் என்ன என்று நம்மவர்களைக் கேட்டால், "சுலைகா" என்று உடனே சொல்வார்கள். குர்ஆனில் அந்தப் பெயர் இருக்கிறதா என்றால், "யூஸுப் ஸூராவில் இருக்கிறதே" என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் குர்ஆனில் அஜீஸின் மனைவி என்று மட்டுமே வருகிறது, பெயர் சொல்லப்படவில்லை. அந்தப் பெயர் பிற்கால வரலாறுகளிலும் காவியங்களிலும் வளர்ந்தது. பாரசீகத்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் ஜாமி அவர்கள் யூஸுப் சுலைகா பாடினார். தமிழில் கவிஞர் சாரண பாஸ்கரன் பாடிய யூசுப் சுலைகா காப்பியம் 1957-ல் வெளிவந்தது. இவை அருமையான இலக்கியங்கள், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் காவியத்தில் கேட்ட பெயர் நம் மனத்தில் வேதத்தில் ஓதிய பெயராகவே குடியேறிவிட்டது பாருங்கள்! பாட்டுக்கே இவ்வளவு சக்தி என்றால், கண்ணால் காணும் படத்துக்கு எவ்வளவு சக்தி இருக்கும்?

படம் எடுப்பவருக்கு நேரும் மூன்று நெருக்கடிகள்

வேத வரலாற்றைப் படமாக்க முனைபவர் எவரானாலும், எந்த மதத்தவரானாலும், மூன்று நெருக்கடிகளைச் சந்தித்தே தீரவேண்டும்.

முதலாவது, வேதம் சொல்லாமல் விட்ட இடங்கள். யூஸுப் நபி (அலை) அவர்களின் வரலாறு ஒரே ஸூராவில் தொடர்ச்சியாக வருகிறது. மற்ற நபிமார்களின் வரலாறு பெரும்பாலும் அப்படி இல்லை. மூஸா நபி (அலை) அவர்களின் வரலாறு பல ஸூராக்களில், அங்கங்கே வேண்டிய படிப்பினைக்கு வேண்டிய அளவே சொல்லப்படுகிறது. அவர்கள் என்ன உடை உடுத்தார்கள், எந்த வயதில் அரண்மனையை விட்டுப் போனார்கள், அந்த அரண்மனையில் யார் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் படிப்பினைக்குத் தேவையில்லாதவை. படக்காரரோ ஒரு நொடியைக்கூட வெறுமையாக விடமுடியாது. திரையில் ஒரு வாசலைக் காட்டினால் அதற்கு நிறம் வேண்டும். ஒருவர் நின்றால் அவர் ஏதாவது பேச வேண்டும். ஆகவே அவர் சேர்த்தே ஆகவேண்டும்.

இரண்டாவது, முகம். காவியத்தில் புலவர் பாடும்போது நாம் எந்த நடிகரையும் பார்ப்பதில்லை. திரையில் ஒருவர் வேஷமிட்டு நிற்கிறார். நபிமார்களுக்கு உருவம் கொடுப்பதை நம் உலமாக்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அதன் காரணம் படிக்காதவருக்கும் புரியக்கூடியதே. இன்று நபியாக நடித்தவர் நாளை வேறொரு படத்தில் குடிகாரனாக நடிப்பார். பிள்ளையின் மனத்தில் இரண்டும் ஒரே முகமாகப் பதிந்துவிடும்.

மூன்றாவது, போட்ட முதல். கோடிக்கணக்கில் பணம் போட்டவர் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். படிப்பினை மட்டும் சொன்னால் சீட்டு விற்காது என்று அவருக்கு அச்சம். ஆகவே காதல், போட்டி, சண்டை எல்லாம் நுழைகின்றன. இதை வியாபாரிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு சில படங்களைப் பார்ப்போம்.

கடல் பிளந்த படம்

அமெரிக்காவில் செசில் டிமில் என்ற படத் தயாரிப்பாளர் 1956-ல் "டென் கமாண்ட்மெண்ட்ஸ்" என்ற படத்தை வெளியிட்டார். பத்துக் கட்டளைகள் என்று பொருள். 1923-லேயே ஊமைப் படமாக ஒருமுறை அவர் தொட்ட விஷயந்தான் அது. இரண்டாம் முறை சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர் செலவில், ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம் ஓடும்படி எடுத்தார். எகிப்துக்கே போய் ஸீனாய் மலைப் பகுதியில் படம்பிடித்தார். மூஸா நபியாக நடித்தவர் சார்ல்டன் ஹெஸ்டன். பிர்அவ்னாக நடித்தவர் யுல் பிரின்னர்.

கடல் பிளக்கும் காட்சிக்காக அப்படம் ஆஸ்கார் விருது பெற்றது. அதை எப்படி எடுத்தார்கள்? பெரிய தொட்டியில் இரு பக்கமிருந்தும் தண்ணீரை மடமடவென்று கொட்டிப் படம்பிடித்து, அந்தச் சுருளைப் பின்னோக்கி ஓட்டினார்கள். விழுந்த தண்ணீர் எழும்பி விலகுவதுபோல் தெரிந்தது. நம் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லித்தர வேண்டும். அற்புதம் அல்லாஹ்வுடையது, திரையில் தெரிந்தது தொட்டித் தண்ணீர். தொட்டித் தண்ணீரைக் கண்டு வியந்தவன், பின்னாளில் அதன் சூட்சுமம் தெரிந்தபோது அற்புதத்தையே ஏளனம் செய்யக்கூடாதல்லவா?

இப்படத்தில் ஒரு நேர்மையும் உண்டு. தொடக்கத்தில் டிமில் தாமே திரைச்சீலைக்கு முன் வந்து நின்று, பைபிளில் மூஸா நபியின் சுமார் முப்பது ஆண்டுக் காலம் சொல்லப்படவில்லை என்றும், அந்த இடைவெளியைப் பிலோ, ஜோஸிபஸ் போன்ற பழைய ஆசிரியர்களைக் கொண்டு நிரப்பினோம் என்றும் சொல்கிறார். அன்றியும் பெயர்ப் பட்டியலில், மூன்று நவீன நாவல்களிலிருந்து எடுத்துக்கொண்டதையும் குறித்திருக்கிறார்கள். ஆக, எது எங்கிருந்து வந்தது என்ற கணக்கை அவர் எழுதியே வைத்தார். படிக்காமல் விட்டவர்கள் பார்த்த ஜனங்கள்! அரசகுமாரி நெப்ரதிரி மூஸா நபி மீது காதல் கொண்டதாகப் படம் முழுக்க வருகிறதே, அது குர்ஆனிலும் இல்லை, பைபிளிலும் இல்லை.

குர்ஆனில் உள்ளதோடு இப்படத்தை ஒப்பிட்டால் நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை இவை:

ஆற்றில் வந்த குழந்தையை ஏற்று வளர்க்கச் சொன்னவர் குர்ஆனில் பிர்அவ்னின் மனைவி. படத்தில், பைபிளில் உள்ளபடி, பிர்அவ்னின் மகள்.

மத்யனில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட நின்றவர்கள் குர்ஆனில் இரண்டு பெண்கள். படத்தில், பைபிள்படி, ஏழு சகோதரிகள்.

சூனியக்காரர்கள் உண்மையைக் கண்டு ஸுஜூதில் விழுந்ததும், பிர்அவ்ன் கைகால் வெட்டுவேன் என்று மிரட்டியும் ஈமானில் உறுதியாக நின்றதும் குர்ஆனில் மிக முக்கியமான கட்டம். படத்தில் அது இல்லவே இல்லை.

காளைக் கன்றைச் செய்தவன் குர்ஆனில் ஸாமிரி. ஹாரூன் நபி (அலை) அவர்கள் தடுத்து எச்சரித்தார்கள். படத்தில் ஹாரூன் நபியே கூட்டத்துக்கு இணங்கிச் செய்ததாகக் காட்டப்படுகிறது. இது சிறிய வேறுபாடன்று. ஒரு நபியின் கண்ணியம் சம்பந்தப்பட்டது.

பிர்அவ்ன் கடலில் மூழ்கியதும், பின்வருவோருக்கு அத்தாட்சியாக அவன் உடல் பாதுகாக்கப்படும் என்பதும் குர்ஆனில் உள்ளவை. படத்திலோ அவன் கரையில் நின்று படை அழிவதைப் பார்த்துவிட்டு அரண்மனைக்குத் திரும்புகிறான். பிள்ளை கேட்ட கேள்வி வந்த இடம் இதுதான். அகங்காரத்தின் முடிவு என்ன என்பதே அந்த வரலாற்றின் உயிர்நாடி. அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது வேடிக்கை மட்டுமே.

தடை செய்த படங்கள்

நம் நாட்டில் நபிமார்களுக்கு உருவம் கொடுக்கும் படங்களைத் தணிக்கை வாரியம் அனுமதிப்பதில்லை. மூஸா நபியின் வரலாற்றைச் சித்திரப் படமாக எடுத்த "பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்" 1998-ல் வெளிவந்தது; 1999-ல் மலேசியாவில் அதைத் திரையிட அனுமதி மறுக்கப்பட்டது. 2014-ல் வந்த "நோவா", அதாவது நூஹ் நபியின் கதையும் இங்கே தடை செய்யப்பட்டது. இந்தோனேசியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், பஹ்ரைன் ஆகிய நாடுகளும் அதைத் தடுத்தன.

"நோவா" படத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. டேரன் அரனாப்ஸ்கி என்பவர் சுமார் 12½ கோடி டாலர் செலவில் எடுத்தது. அதில் கல்லால் ஆன அரக்கர்கள் கப்பல் கட்ட உதவுகிறார்கள். கொடியவன் ஒருவன் கப்பலில் ஒளிந்து வருகிறான். மனித குலமே இத்தோடு முடியட்டும் என்று எண்ணி, பிறந்த பேரக் குழந்தைகளைக் கொல்ல நூஹ் நபி கத்தி எடுப்பதாகவும் காட்சி இருக்கிறது. குர்ஆன் காட்டும் நூஹ் நபி (அலை) அவர்களோ தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகள் தம் சமூகத்தாரிடையே வாழ்ந்து, இரவும் பகலும் அழைத்துப் பார்த்தவர்கள். கப்பலில் ஏற மறுத்த மகனை, "மகனே, எங்களோடு ஏறிக்கொள்" என்ற பொருளில் அலைகளுக்கு நடுவே கூப்பிட்ட தகப்பன். அந்தக் கண்ணீர் எங்கே, இந்தக் கத்தி எங்கே?

தடையைப் பற்றி ஒரு வார்த்தை. தடை உத்தரவு கொட்டகைக் கதவை மூடும், கைப்பேசியை மூடாது. அரசாங்கம் தடுத்துவிட்டது, இனி நமக்குக் கவலையில்லை என்று நாம் இருந்துவிட்டால், பூட்டிய முன்வாசலைப் பார்த்துத் திருப்தியடைந்து, திறந்து கிடக்கும் பின்வாசலை மறந்த கதையாகிவிடும். பின்வாசலுக்குக் காவல் நாம்தான்.

முகம் காட்டாத படம்

இதுவரை சொன்னவை பிற மதத்தார் எடுத்தவை. இனி, ஒரு முஸ்லிம் நம் மார்க்க வரம்புக்குள் நின்று எடுக்க முயன்ற படத்தைப் பார்ப்போம். அதுவே நமக்கு அதிகப் பாடம் தரக்கூடியது.

முஸ்தபா அக்காத் என்பவர் 1930-ல் ஷாம் தேசத்து ஹலப் நகரில், அதாவது சிரியாவின் அலெப்போவில், பிறந்தவர். வாலிப வயதில் சினிமா படிக்க அமெரிக்கா புறப்பட்டபோது, தகப்பனார் 200 டாலரும் ஒரு குர்ஆன் பிரதியும் கையில் கொடுத்து அனுப்பினாராம். மேல்நாட்டில் வாழ்ந்த அவருக்கு, தம்மைச் சுற்றியுள்ளவர்கள் இஸ்லாத்தைப் பற்றி ஒன்றுமே அறியாமல் இருக்கிறார்களே என்ற ஆதங்கம். நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் படமாக்க உறுதி கொண்டார். ஆனால் நாயகத்தின் திருவுருவத்தைக் காட்டக் கூடாது, குரலும் கேட்கக் கூடாது. கதாநாயகரைக் காட்டாமல் மூன்று மணி நேரப் படம் எடுப்பது எப்படி?

அவர் கண்ட வழி இது. நாயகத்தின் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்களை முன்னிறுத்தினார். நாயகம் இருக்கும் இடத்தில் மற்றவர்கள் காமிராவைப் பார்த்துப் பேசுவார்கள். பிறகு ஹம்ஸாவோ ஸைதோ அங்கே சொல்லப்பட்டதைத் திருப்பிச் சொல்வார்கள். நாயகத்தின் குடும்பத்தாரையும், அபூபக்ர், உமர், உஸ்மான், அலி (ரலி) ஆகிய நாற்பெரும் கலீபாக்களையும் காட்டவில்லை. ஒரே படத்தை இரண்டு முறை எடுத்தார்: ஆங்கிலத்தில் அந்தனி குயின் ஹம்ஸாவாகவும் ஐரீன் பாப்பாஸ் ஹிந்தாகவும் நடிக்க, அரபியில் அப்துல்லாஹ் கைஸும் முனா வாஸிபும் அதே பாத்திரங்களில் நடித்தார்கள். ஒரு காட்சியை ஒரு மொழிக்காரர்கள் முடித்ததும், அதே இடத்தில் மற்ற மொழிக்காரர்கள் வந்து நடிப்பார்கள்.

கதை வசனத்தைக் கெய்ரோ அல்-அஸ்ஹரின் உலமாக்களிடமும், லெபனானின் ஷியா மேல் சபையிடமும் காட்டி ஒப்புதல் பெற்றதாகப் படத்தின் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டினார். ஆனால் அல்-அஸ்ஹர் பின்னர் ஒப்புதலை விலக்கிக்கொண்டது. மக்காவிலிருந்த ராபித்தா எனும் உலக முஸ்லிம் அமைப்பும் எதிர்த்தது. 1974-ல் மொராக்கோவில் மக்கா நகரைப் போல் கட்டடங்கள் எழுப்பிப் படம்பிடித்துக்கொண்டிருந்தபோது, ஸவூதி அரசின் நெருக்குதலால் மொராக்கோ அரசு வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டது. வந்திறங்கிய சரக்கோடு கடையைக் காலி செய்யச் சொன்னால் எப்படியிருக்கும்! பிறகு லிபியாவின் ஆதரவோடு அங்கே போய் முடித்தார். 1976-ல் லண்டனில் படம் வெளிவந்தது. நாயகத்தின் திருப்பெயரால் அமைந்த தலைப்புக்கு எதிர்ப்பு எழுந்ததால், "தி மெஸேஜ்" என்று மாற்றினார்; அரபியில் "அர்ரிஸாலா".

இந்தப் படத்துக்கும் நம் கணக்குப் பார்வை வேண்டும். அபீசீனியா மன்னர் நஜ்ஜாஷியின் சபையில் ஜஃபர் (ரலி) அவர்கள் மர்யம் ஸூராவை ஓதிக் காட்டிய கட்டமும், வேட்டையிலிருந்து திரும்பிய ஹம்ஸா (ரலி) அவர்கள் அபூஜஹ்லை வில்லால் அடித்த கட்டமும் ஸீரா நூல்களில் உள்ளவையே. பிலால் (ரலி) அவர்கள் பாங்கு சொல்லும் காட்சியில் கண்கலங்காத முஸ்லிம் இருக்கமாட்டார். ஆயினும் நாற்பெரும் கலீபாக்களைக் காட்டாததால், இதை மட்டும் பார்த்த பிள்ளைக்கு அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் பங்கே தெரியாமல் போகும். ஹிஜ்ரத்தில் குகைத் தோழர் யார்? உமர் (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியது எப்படி? இவற்றுக்கு இப்படத்தில் விடை கிடைக்காது. சேர்ப்பதால் மட்டுமன்று, மரியாதை கருதி விடுவதாலும் கணக்கில் குறை விழும். குறையைப் பெற்றோரும் உஸ்தாதும் நிரப்ப வேண்டும்.

பார்க்காமல் எழுந்த கலகம்

இனிச் சொல்வது கசப்பான விஷயம். 1977 மார்ச் மாதம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பன்னிரண்டு பேர் துப்பாக்கிகளோடு மூன்று கட்டடங்களில் புகுந்து, 149 பேரைச் சிறைப்பிடித்தார்கள். அக்கட்டடங்களில் ஒன்று அவ்வூர் இஸ்லாமிய மையம். தலைவனின் குடும்பத்தார் முன்னர் கொலையுண்டிருந்தார்கள். கொலைகாரர்களை ஒப்படைக்க வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. இந்தப் படத்தைத் திரையிடக் கூடாது என்பது மற்றொன்று. நாயகத்தின் உருவத்தைப் படத்தில் காட்டியிருக்கிறார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். படத்தில் அப்படி ஒரு காட்சியே இல்லை! வானொலிச் செய்தியாளர் ஒருவர் அநியாயமாகக் கொல்லப்பட்டார். இறுதியில் எகிப்து, பாகிஸ்தான், ஈரான் ஆகிய மூன்று முஸ்லிம் நாடுகளின் தூதர்கள் நேரில் போய், குர்ஆனை எடுத்துக்காட்டிப் பேசித்தான் சிறைப்பட்டோரை மீட்டார்கள். கேள்விப்பட்டதை விசாரிக்காமல் நம்பி ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிடாதீர்கள் என்று ஹுஜுராத் ஸூராவில் நமக்குச் சொல்லப்பட்டிருப்பதை மறந்ததால் வந்த வினை இது.

நம் தமிழ் முஸ்லிம் ஒருவரும் இத்தகைய சோதனைக்கு ஆளானார். ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி, நாயகத்தின் இளம்பிராயத்தை 2015-ல் படமாக வெளியிட்டார். முகத்தைக் காட்டாமல், பின்புறத் தோற்றம் முதலியவற்றைக் காட்டி எடுத்த படம் அது. அதற்கு இசையமைத்தவர் சென்னை ஏ.ஆர். ரஹ்மான். அவ்வாண்டு செப்டம்பரில் மும்பை ரஸா அகாடமி இயக்குநர் மீதும் அவர் மீதும் பத்வா வெளியிட்டது. அவர் கோபப்படவில்லை. தாம் ஆலிமல்ல, படத்தை இயக்கவோ தயாரிக்கவோ இல்லை, இசை மட்டுமே அமைத்ததாக அடக்கத்தோடு எழுதினார். மறுமையில் அல்லாஹ் தம்மிடம், இத்தனை பாக்கியங்களையும் கொடுத்தும் என் ஹபீபின் படத்துக்கு ஏன் இசையமைக்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்வேன் என்றும் கேட்டிருந்தார். படத்தை அனுமதிக்கலாமா என்பதில் உலமாக்கள் சொல்வதைக் கேட்போம். ஆனால் அபிப்பிராய பேதத்தில் வாய் தடிக்காமல் பதில் சொல்லும் முறையை அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

அக்காத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். 2005 நவம்பரில் ஜோர்தானின் அம்மான் நகரில் ஓட்டல்களில் பயங்கரவாதிகள் வைத்த வெடிகளில் அவருடைய மகள் இறந்தார். இரண்டு நாள் கழித்து அவரும் இறந்தார். எந்த ஸவூதி அரசு ஒரு காலத்தில் அவர் படத்தை எதிர்த்ததோ, அதே நாட்டுக் கொட்டகைகளில் 2018-ல் அப்படம் திரையிடப்பட்டது. காலம் அபிப்பிராயங்களை மாற்றுகிறது. 1976-ல் உமர் (ரலி) அவர்களைக் காட்டவே அஞ்சினார்கள். 2012 ரமலானில் அரபுத் தொலைக்காட்சியில் அவர்கள் பெயரிலேயே தொடர் வந்தது. அறிஞர் சிலர் ஆதரித்தார்கள், அல்-அஸ்ஹர் எதிர்த்தது. இன்னும் என்னென்ன வருமோ தெரியாது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே பதறுவதைவிட, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு முறையை வீட்டில் ஏற்படுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மூன்று பத்திக் கணக்கு

அந்த முறை சுலபமானது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி கோடு போடுங்கள். முதல் பத்தியில் குர்ஆனில் உள்ளது. இரண்டாம் பத்தியில் ஹதீஸிலும் ஸீரா நூல்களிலும் உள்ளது. மூன்றாம் பத்தியில் படக்காரர் சேர்த்தது. பிள்ளை ஒரு காட்சியைச் சொன்னால், அது எந்தப் பத்தியில் சேரும் என்று அவனையே கேளுங்கள். தெரியாவிட்டால் வெறுமையாக விட்டு, உஸ்தாதிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். சொந்த முதலையும் கடன் சரக்கையும் ஒரே பக்கத்தில் எழுதியவன் லாபம் எது, பாக்கி எது என்று தெரியாமல் ஒருநாள் கடையை இழப்பான். ஈமானின் கணக்கு அதைவிட ஜாக்கிரதையாக எழுதப்பட வேண்டியது.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். ரபீஉல் அவ்வல் மாதத்தில் "அர்ரிஸாலா" படத்தைச் சங்கக் கூடத்தில் காட்டலாமே என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். பெரியவர்களில் சிலர் கூடவே கூடாது என்கிறார்கள். இரு சாராரும் நாயகத்தின் மீதுள்ள பிரியத்தால் பேசுகிறவர்களே. ஆகவே ஒருவரையொருவர் குறை கூற வேண்டாம். நம் யோசனை இது. முதலில் இமாம் அவர்களிடமும் மாநில மார்க்க அலுவலகத்திலும் கேட்போம். அவர்கள் வேண்டாமென்றால் அத்தோடு விட்டுவிடுவோம். அனுமதி கிடைத்தால், படத்துக்கு முந்திய நான்கு வெள்ளிக்கிழமை இரவுகளில் மக்கா வாழ்வு, ஹிஜ்ரத், பத்ரும் உஹதும், மக்கா வெற்றி என நான்கு பாடங்கள் நடக்கட்டும். அவற்றுக்கு வந்த பிள்ளைகளே படம் பார்க்க வரட்டும். பார்த்த மறுவாரம் மூன்று பத்திக் கணக்கை எல்லாரும் உட்கார்ந்து எழுதுவோம். காட்டப்படாத நாற்பெரும் கலீபாக்களின் பங்கை ஒரு வாலிபர் எழுந்து சொல்லட்டும். கடை வேலையைச் சாக்குச் சொல்லாமல் தகப்பன்மாரும் அந்த நான்கு இரவுகள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கடையடைத்து வரவேண்டும். அந்த ஒரு மணி நேர வியாபாரம் போனால் போகட்டும்!

படம் இல்லாமலே அந்த நான்கு பாடங்கள் மட்டும் நடந்தாலும் நமக்கு நஷ்டமில்லை. பாடம் இல்லாமல் படம் மட்டும் நடந்தால்தான் நஷ்டம். உமறுப் புலவர் காலத்தில் இருந்த வரிசை, முதலில் ஓதல் பிறகு காவியம் என்ற அந்த வரிசை, நம் வீடுகளில் திரும்பட்டும். அல்லாஹ் அதற்கு நமக்குத் தௌபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.